எண்ணெய் பட்ட வரி

கண்ணுகளா, பெரியவளைக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பி வரும்போது, காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவன் என்னைக் கேட்டான். "அப்பா, நீங்க ஹாஸ்டல்ல இருந்தப்பச் செல்போனே கிடையாதே, ஊட்டுக்கு எப்படிச் சேதி சொன்னீங்க?" நான் வண்டி ஓட்டுகிற நினைப்பில் "சோத்துப் போசியிலதான்" என்று சொல்லிவிட்டேன். சின்னவன் சிரித்த சிரிப்பில் சீட் பெல்ட்டே அறுந்துவிடும் போல இருந்தது. அது போதாதென்று அக்காவுக்கும் செல்போனில் அதை அனுப்ப, அவளும் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பினாள். சிரியுங்கள். ஆனால் நான் சொன்னது நிஜம். அதை இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன். உங்கள் அத்தை இதைப் படித்தால் நான் கூட்டிச் சொல்வதாகச் சண்டைக்கு வருவாள். வரட்டும்.

தொண்ணூறுகளில் பத்தாவது முடித்து, கோயமுத்தூரில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்புக்குச் சேர்ந்தேன். இரண்டு வருஷப் படிப்பு. சத்தி என்று நாங்கள் சொல்கிற சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து தினமும் போய் வர முடியாது. அரசு விடுதியில் இடம் கிடைத்தது. ஒரு ஹாலில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வோம். சாப்பாடு மோசமில்லை. சாம்பாரில் காய் தேடுவது எங்களுக்கு ஒரு விளையாட்டு, கிடைத்தவன் கையைத் தூக்கிக் காட்டுவான். பகலெல்லாம் பட்டறையில் இரும்புத் துண்டை வைஸ் என்கிற இடுக்கியில் கடிக்கக் கொடுத்து அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். நாலு பக்கமும் சதுரமாக வந்தால் மாஸ்டர் தலையாட்டுவார். வராவிட்டால் வேறு துண்டு தருவார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்று இப்போதும் தைரியமாகச் சொல்வேன்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். மஞ்சள் காட்டிலும் வாழைத் தோட்டத்திலும் கூலி. இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் படிக்கத் தெரிந்த ஆள் என் தங்கச்சி, உங்கள் அத்தை, ஒருத்திதான். அப்போது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

தபாலில் கடுதாசி போட்டால் எங்கள் வளவுத் தெருவுக்கு அது வந்து சேர்வதற்குள் அதில் இருக்கிற சேதி பழசாகிவிடும். தபால்காரர் மேட்டில் இருக்கிற டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார். டீக்கடைக்காரர் ஞாபகம் வந்தால் கொடுப்பார். அதனால் அம்மா வேறு வழி கண்டுபிடித்தாள். சனிக்கிழமை காலையில் ஊர் வழியாகக் கோயமுத்தூர் போகிற தனியார் பஸ் ஒன்று உண்டு. சில்வர் தூக்குப்போசி நிறைய அரிசி பருப்புச் சாதம், அதன் மேல் ஒரு சின்ன டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய், எல்லாவற்றையும் மஞ்சப்பையில் வைத்துக் கட்டி, பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவாள். அவர் அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொக்கியில் மாட்டிவிடுவார். நான் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். கண்டக்டருக்கு இதற்குக் கூலி கிடையாது. முருங்கைக்காய் காய்க்கிற காலத்தில் அம்மா ஒரு கட்டுக் கொடுப்பாள், அவ்வளவுதான்.

எங்கள் ஊரிலிருந்து போய் வெளியூரில் தங்கிப் படிக்கிற, மில்லில் வேலை செய்கிற பையன்கள் பலருக்கும் இப்படித்தான் சோறு போனது. சனிக்கிழமை அந்தப் பஸ்ஸின் முன்பக்கம் கல்யாணப் பந்தி மாதிரி மணக்கும்.

அந்தப் பஸ் காந்திபுரத்தில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அது திரும்புவதற்குள் நான் சாப்பிட்டு, குழாயடியில் போசியைக் கழுவி, மடியில் நோட்டை வைத்து ஒரு பக்கம் கடுதாசி எழுதி, நாலாக மடித்து, கழுவின ஊறுகாய் டப்பாவோடு போசிக்குள் போட்டு, அதே கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் வீட்டில் போசியைத் திறந்தால் என் கடுதாசி இருக்கும். இதுதான் நான் சொன்ன போசிச் சேதி. வீட்டிலிருந்து எனக்கு வருகிற சேதி கண்டக்டர் வாய்வழிதான்.

கண்டக்டர் என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவார்.

"ஏந்தம்பி, சோறு வாரா வாரம் டிக்கெட் இல்லாம வருது. நீ ஒருநாள் டிக்கெட் எடுத்து ஊட்டுக்குப் போகக்கூடாதா?"

"ஆடி பதினெட்டுக்குப் போறேனுங்ணா."

"அதுவரைக்கும் உங்கம்மா என்னத் தூங்க உடமாட்டா. போன வாரம் பஸ்ஸ நிறுத்திப்போட்டு, 'எம்பையன் எளச்சிருக்கறானா'ன்னு கேக்கறா. வண்டி நிறையச் சனம். நான் என்னன்னு சொல்லட்டும்? 'நல்லாப் பன்னிக்குட்டியாட்டம் இருக்கறானுங்க'ன்னு சொல்லி உசில் ஊதிப்போட்டேன்."

ஒரே ஒரு குறை. கழுவிய போசி காயாது. ஊறுகாய் டப்பாவையும் எவ்வளவு கழுவினாலும் அந்த எண்ணெய் விடாது. நான் எழுதுவதோ மைப் பேனாவில். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கடுதாசி பாதி நனைந்து, மீதி எண்ணெய் பட்டு, மை நீலமாகப் பரவி இருக்கும். என் கையெழுத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய தங்கச்சிக்கு மட்டும் அது விளங்கும். வேறு யார் கண்ணுக்கும் அது மேகம் மாதிரித்தான் தெரியும். அப்பாவும் அம்மாவும் அதைக் குறையாக நினைக்கவில்லை. தங்கச்சி படிப்பாள், அவர்கள் கேட்பார்கள். ஒரு தடவை கேட்டால் போதாது. அடுத்த போசி வரும் வரைக்கும், "அம்மணி, அந்தக் கடுதாசிய இன்னொருக்காப் படி சாமி" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

நான் ஐ.டி.ஐ. சேர்ந்த அடுத்த வருஷம் ஜூன் மாதம் தங்கச்சி பத்தாவது பாஸ் ஆனாள். சேதியைக் கண்டக்டர்தான் பஸ் ஸ்டாண்டில் சொன்னார். அன்றைய கடுதாசியில் நான் எழுதியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடுதியில் மோட்டார் ரிப்பேராகித் தண்ணீர் எடுக்கப் பக்கத்துத் தெருவுக்குப் போகிறோம், பட்டறையில் நான் ராவின இரும்பை மாஸ்டர் மற்ற பையன்களுக்குக் காட்டினார், அடுத்த வாரம் ஒரு துண்டு கொடுத்துவிடவும், தங்கச்சி பாஸ் ஆனதில் மிகவும் சந்தோஷம். முடிந்தது. அதற்கு மேல் அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வளவில் பொம்பளைப் பிள்ளைகள் பத்தாவதோடு வேலைக்குப் போய்விடுவார்கள். அது மழை பெய்வது மாதிரி, யாரும் யோசிப்பதில்லை.

ஆடி பதினெட்டுக்கு ஊருக்குப் போனேன். பவானி ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போன வருஷம் அது. பஸ்ஸை விட்டு இறங்கினால் தங்கச்சி நிற்கிறாள். வழக்கமாக என்னைக் கூப்பிட யாரும் வருவதில்லை.

"ண்ணா, சித்த நில்லு. ஊட்டுக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும்."

"என்ன புள்ள?"

"நான் பதினொண்ணு சேந்துட்டேன். சத்தில."

"அட! யாரு சேத்துனது?"

"அப்பாதான். நீ எழுதுனயில்ல, அதனால."

"நான் எங்க எழுதுனேன்?"

அவள் தரையைப் பார்த்தாள். செருப்பால் மண்ணைக் கீறினாள். "எழுதல. நான் படிச்சேன். மாமன் வந்து பல்லடத்துல தறிக்கு நூல் சுத்தற வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டுப் போயிருந்தாரு. துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு. அன்னிக்கு உன் கடுதாசி வந்துச்சு. படிச்சிட்டே வந்தனா, கடைசில வாய்ல வந்துருச்சுண்ணா. எழுதியிருக்கற மாதிரியே படிச்சுப்போட்டேன்."

"என்னன்னு படிச்சே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மொபெட் சத்தம் கேட்டது. எங்கள் மாமன், அம்மாவுக்கு அண்ணன், பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர், ஆடி நோம்பிக்கு வந்துகொண்டிருந்தார். காலை ஊன்றி வண்டியை நிறுத்தி, "வாங்க இஞ்சினியரே! மேக்க ஒரு கடுதாசி போட்டா கெழக்க ஒரு வேல நின்னு போகுதாமே! ஏறுங்க, ஊட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்றார். நான் ஏறினேன். தங்கச்சி பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

வீட்டில் இலை போட்டு எல்லாருக்கும் சோறு வைத்தாள் அம்மா. மாமன் பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர்.

"மாப்ள, நான் கெட்டது சொல்ல வர்ல" என்று அப்பாவைப் பார்த்து ஆரம்பித்தார். "தறி மொதலாளிகிட்ட ஆள் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிப்போட்டேன். புள்ள நம்ம ஊட்டுலதான் தங்கப்போறா, என்ற பொண்ணுகளோட பொண்ணா இருப்பா. இப்பத் தினமும் பஸ்ல தொங்கிட்டுச் சத்திக்குப் போறா. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

மாமன் கெட்டவர் இல்லை, கண்ணுகளா. அவர் வீட்டுப் பெண்களும் தறிக்குத்தான் போனார்கள். அவருக்குத் தெரிந்த நல்லது அது.

அப்பா சத்தமாகப் பேச மாட்டார். "நீங்க சொல்றதும் சரிதானுங்க மச்சான். ஆனா பையன் எழுதிப்போட்டான். வெளிய போய்ப் படிக்கறவன். வெவரம் தெரிஞ்சுதான எழுதுவான்?"

"அப்படி என்னதான் எழுதிப்போட்டான்? கொண்டாங்க, நானும் பாக்கறேன்."

மாமன் அஞ்சாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். அடுப்புப் பக்கம் திரும்பினேன். தங்கச்சி ரசச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள். ரசம் வழிந்துகொண்டிருந்தது, அம்மா "ஏய், ஏய்" என்றாள்.

அப்பா எழுந்து கை கழுவி, சுவரில் ஆணியில் மாட்டியிருந்த கம்பியிலிருந்து கடுதாசிகளை உருவி, அதில் ஒன்றை எடுத்து வந்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் எந்தக் கடுதாசி எது என்று அவருக்குக் கறையை வைத்தே தெரியும். மாமன் அதை வெளிச்சத்துக்குக் காட்டினார், கிட்டே வைத்தார், தள்ளி வைத்தார், பிறகு முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, இது கடுதாசியா, பஜ்ஜி மடிச்ச காயிதமா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போசில வர்றதுண்ணா, அப்படித்தான் இருக்கும்."

"ஒரெழுத்தும் வெளங்கல. இந்தா தம்பி, நீ எழுதுனதுதான, நீயே படி." மாமன் கடுதாசியை என் கையில் கொடுத்தார்.

வாங்கினேன். அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, என்று ஆரம்பித்தேன். மோட்டார் ரிப்பேரைப் படித்தேன். மாஸ்டர் என் இரும்பைக் காட்டியதைப் படித்தேன். அதுவரைக்கும் கஷ்டம் இல்லை, எண்ணெய்க்குள்ளேயும் என் எழுத்து எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் அப்பாவின் உதடு என்னோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. துண்டு கொடுத்துவிடவும் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் "துண்டு" என்றார்.

தங்கச்சி பாஸ் ஆனதில் மிகவும் சந்தோஷம். அதற்குக் கீழே வெறும் காகிதம். எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி என் விரல் தெரிந்தது. அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்: "அவளை மேலே படிக்க வைக்கவும். சத்திக்குப் பஸ் இருக்கிறது. வேலைக்கு இப்போது அனுப்ப வேண்டாம். இப்படிக்கு, உங்கள் மகன்."

மடிக்கப் போனேன். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"இல்ல கண்ணு. நடுவால ஒண்ணு உட்டுப்போட்டியே."

மாமன் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுதான முக்கியம்? அம்மணி படிக்கறப்ப எல்லாம் அந்த எடத்துல தொண்டை அடச்சுக்கும்." அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "'எனக்கு ரெண்டு வருஷம் கொடுத்த மாதிரி அவளுக்கும் ரெண்டு வருஷம் கொடுங்கள். உங்களுக்கு நாங்கள் ரெண்டு பேரும் ஒன்றுதானே. நான் கேட்காமலே எனக்குக் கொடுத்தீர்கள். அவளுக்கு நான் கேட்கிறேன்.' இப்படி இருந்துச்சே சாமி? இல்லியா?"

கடுதாசியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். எலுமிச்சை ஊறுகாய் வாசம்.

"ஆமாங்கப்பா" என்றேன். "இந்த எடத்துல எண்ணெ பட்டுருச்சு. தெரியாம உட்டுட்டேன்."

அடுப்புப் பக்கம் சட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

மாமன் இலையில் விரலால் கோடு போட்டார். பிறகு, "நேர்ல பாத்தா வாய்ல கொழுக்கட்டைய வெச்சவனாட்டம் உக்காந்திருக்கறான், கடுதாசில பாரு, வக்கீலாட்டம் எழுதறான்!" என்றார். "சரி போங்க மாப்ள. தறி மொதலாளிக்கு நான் என்னத்தையாவது சொல்லிக்கறேன். ஆனா பெயிலாப் போனா நான் மொபெட்ட எடுத்துட்டு வந்துருவேன், ஆமா."

"பெட்ரோல் வீணாப் போகுமுங்க மாமா" என்றாள் தங்கச்சி, உள்ளேயிருந்து. அதுதான் அவள் அன்றைக்கு எல்லார் முன்னாலும் பேசிய முதல் பேச்சு. மாமன்தான் முதலில் சிரித்தார்.

சாயங்காலம் எல்லாரும் ஆற்றுக்குப் போனோம். அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தங்கச்சியும் கொஞ்சம் தள்ளி, தண்ணீரில் கால் விட்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஏன் புள்ள, என்கிட்ட ஒரு வார்த்த எழுதச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நேரமில்லண்ணா. சொல்லியிருந்தா எழுதியிருப்பயா?"

"எழுதாம?"

"அப்பறமென்ன. நீ எழுதப் போறத நான் முந்தியே படிச்சுப்போட்டேன். அவ்வளவுதான." கடலைப்பொரியை வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "உன்ற பங்குக்கு நீயும் நல்லாத்தான் படிச்சே. ஆனா 'வேலைக்கு இப்போது அனுப்ப வேண்டாம்'னு, என்னது அது, மந்திரி பேசற மாதிரி?" என்றாள். நான் தண்ணீரை அவள் மேல் எற்றினேன்.

கேலி பேசினாலும் எனக்கு ஒன்று உறைத்தது. அப்பாவுக்கு மனப்பாடமான அந்த வரிகள் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவளுடைய படிப்பு அந்த எண்ணெய்க் கறை மேல்தான் நின்றுகொண்டிருந்தது. நாளைக்கு வேறு யாராவது, நல்ல கண்ணுள்ளவர், அந்தக் கடுதாசியை வாங்கிப் பார்த்தால்?

அடுத்த சனிக்கிழமை காந்திபுரத்தில் போசியை வாங்கினேன். அன்றைக்குச் சாப்பாட்டை ஒத்தி வைத்தேன். சாதத்தை என் டிபன் பாக்ஸில் கொட்டிக்கொண்டு, ஊறுகாய் டப்பாவைத் தனியாக எடுத்து வாழை இலையில் சுற்றி வைத்தேன். போசியைக் கழுவி, தோளில் இருந்த துண்டால் உள்ளே வெளியே துடைத்தேன். பிறகு நடைமேடை ஓரத்தில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். மைப் பேனாவைத் தொடவில்லை. பந்துமுனைப் பேனா ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு. ஜூன் மாதம் எழுதின கடுதாசியில் எண்ணெய் பட்டுவிட்டதால் அதில் இருந்ததை மறுபடியும் எழுதுகிறேன். அதற்குக் கீழே, அப்பா கண்ணை மூடிச் சொன்னதை அவர் நிறுத்தின இடத்தில் நிறுத்தி, அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் விளங்கும்படி பெரிது பெரிதாக எழுதியதால் ஒரு பக்கம் முழுக்க நிறைந்துவிட்டது.

ஒரு துணிக்கடைப் பிளாஸ்டிக் கவரில் அதை மடிக்காமல் சுருட்டி வைத்தேன். போசியைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. உள்ளே விரல் விட்டுத் துழாவினேன், ஒரு சொட்டு ஈரமில்லை. கவருக்குள்ளிருந்து கடுதாசியை ஒரு தரம் திருப்பி எடுத்து, அந்த மூன்று நாலு வரிகளை மெதுவாக வாய்விட்டுப் படித்தேன். தொண்டை அடைக்கிற இடம் எது என்று எனக்கும் தெரிந்தது. பிறகு கவரோடு போசிக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடினேன்.